படையெடுப்புக்கு முன், படையெடுப்புக்குப் பின்: இறப்பு விகிதத்தை ஒப்பிடப் போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2003 மார்ச் 20 அன்று அமெரிக்காவும் பிரிட்டனும் தலைமை தாங்கிய படைகள் ஈராக்குக்குள் நுழைந்தன. அதன் விளைவாக எத்தனை பேர் இறந்தார்கள் என்று தேடிப் பாருங்கள். 98,000 என்று ஒரு கணக்கு வரும். 1,51,000 என்று இன்னொன்று, 6,54,965 என்று மற்றொன்று. மூன்றும் மதிப்புள்ள மருத்துவ இதழ்களில் வந்தவை. இவற்றில் ஒன்றைப் பிடித்துக்கொண்டு மேடையில் முழங்குகிறவர்களில் பலர் அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்தைக்கூடப் பார்த்ததில்லை.

தண்டையார்பேட்டையில் எங்கள் வாசிப்பு வட்டத்துக்காக இந்த எண்களை ஒழுங்காக விளக்கி எழுத உட்கார்ந்து, மாதக்கணக்கில் திணறினேன். எங்கிருந்து தொடங்குவது, எதை எதோடு வகுப்பது, எந்தத் தாளை எங்கே கேட்டு வாங்குவது என்று தமிழில் சொல்ல ஆள் இல்லை. பெரம்பூர், வியாசர்பாடி, இராயபுரம் பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் சிற்றிதழ்களுக்கு எழுதுகிறவர்களும் அதே சுற்றைச் சுற்ற வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். ஆனால் அவசரம் கூடாது. இந்த எண்கள் ஒவ்வொன்றும் ஒரு வீட்டு வாசலில் நின்று "உங்கள் வீட்டில் யாராவது இறந்தார்களா?" என்று கேட்டதற்குக் கிடைத்த பதில்.

1. தகவல் உரிமை மனுவை முதல் நாளே அனுப்பிவிடுங்கள்

ஈராக் கணக்குக்கும் சென்னை மாநகராட்சிக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். ஈராக்கின் எண்களை நம்மால் நேரில் சரிபார்க்க முடியாது. நம் மண்டலத்தின் எண்களை முடியும். ஒரு பேரிடருக்கு முன்பும் பின்பும் நம் தெருக்களில் இறப்பு விகிதம் எப்படி மாறியது என்று ஒருமுறை கணக்கிட்டுப் பழகியவருக்கு, ஈராக் கட்டுரையில் எந்த இடத்தில் நின்று கேள்வி கேட்க வேண்டும் என்று தானாகத் தெரிந்துவிடும். பழகுவதற்கு ஏற்ற காலம் கொரோனாக் காலம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு. ஆகவே மற்ற வேலைகளுக்கு முன் இதை அனுப்பிவிட வேண்டும். ஒரு வெள்ளைத் தாளில், பொதுத் தகவல் அலுவலர், பொதுச் சுகாதாரத் துறை, பெருநகர சென்னை மாநகராட்சி, ரிப்பன் மாளிகை என்று முகவரியிட்டு எழுதுங்கள். 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் கட்டணம் செலுத்தியதாகிவிடும். நகல்களுக்குப் பக்கத்துக்கு 2 ரூபாய். எதற்காகக் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டிய கட்டாயம் சட்டத்தில் இல்லை. மனுவின் நகலையும் அஞ்சல் ரசீதையும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு செய்ய வேண்டும், அப்போது அந்த ரசீதுதான் உங்கள் சாட்சி.

கேட்க வேண்டியது இது: "2017 முதல் 2021 வரை தண்டையார்பேட்டை, இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களில் பதிவான இறப்புகளின் எண்ணிக்கை, இறந்த தேதியின்படி மாதவாரியாக. இவற்றில், இறந்தவரின் வழக்கமான வசிப்பிடம் மாநகராட்சி எல்லைக்கு வெளியே என்று பதிவானவை தனியாக." இரண்டாவது வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள், ஏன் என்று பின்னால் சொல்கிறேன். "ஏன் கூடியது, விளக்கம் தருக" என்ற வகைக் கேள்விகளைச் சேர்க்காதீர்கள். கையில் இருக்கும் ஆவணத்தைத் தருவதுதான் அலுவலரின் கடமை, புதிதாக விளக்கம் எழுதித் தருவது அல்ல. அப்படி ஒரு கேள்வி இருந்தால், அதைச் சாக்காக வைத்து மனு முழுவதையும் ஓரம் கட்ட வழி கிடைத்துவிடும்.

2. நான்கு கட்டுரைகள், செலவு கிட்டத்தட்ட இல்லை

பதில் வரும்வரை படிக்க வேண்டியவை நான்கு. லான்செட் இதழின் 2004 கட்டுரை, அதே இதழின் 2006 கட்டுரை, நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் 2008 ஜனவரியில் வெளியிட்ட ஈராக் குடும்ப நல ஆய்வு, பிளாஸ் மெடிசின் 2013இல் வெளியிட்ட ஆய்வு. கடைசிக் கட்டுரையை யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். மற்றவை பழைய கட்டுரைகள். இதழின் தளத்தில் பெயரைப் பதிந்தால் திறக்கும், பணம் கேட்காது. இருபது முப்பது டாலர் கேட்கும் பக்கம் வந்தால் பணத்தைக் கட்டிவிடாதீர்கள், தவறான வாசலுக்குப் போயிருக்கிறீர்கள்.

அச்செடுத்துப் படியுங்கள். கைபேசித் திரையில் அட்டவணைகளைப் படித்தால் எந்த எண் எந்த வரிசைக்குரியது என்பது குழம்பிவிடும். செலவு செய்வதென்றால் இந்த ஒன்றுக்குச் செய்யுங்கள். கணக்குப் போட லிப்ரே ஆபிஸ் இலவசமாகக் கிடைக்கிறது. இறப்பு விகிதம் என்ற கருத்தே புதிது என்றால், தமிழ்நாடு அரசின் பிளஸ் டூ புள்ளியியல் பாடநூலில் அந்தப் பாடத்தை முதலில் படித்துவிடுங்கள். அமைதியாக உட்கார இடம் வேண்டுமென்றால் எழும்பூர் கன்னிமாரா நூலகம் இருக்கிறது. தண்டையார்பேட்டையிலிருந்து மெட்ரோவில் சென்ட்ரல் வந்து வண்டி மாறினால் அடுத்த நிலையம் எழும்பூர்தான்.

3. எதனுடைய எண் என்று முதலில் எழுதுங்கள்

எங்கள் வட்டத்துக்கு வரும் மாணவர்கள் எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணா, இதில் எது சரியான எண்?" அந்தக் கேள்வியை ஒத்திவையுங்கள். ஒவ்வொரு எண்ணும் எதை எண்ணியது என்று ஒரு தாளில் எழுதாமல் எது சரி என்று பேசவே முடியாது.

98,000 என்பது 2004 கட்டுரையின் மதிப்பீடு. படையெடுப்புக்குப் பிந்தைய 17.8 மாதங்களில், ஃபலூஜா நகரை விட்டுவிட்டு, எல்லாக் காரணங்களாலும் வழக்கத்துக்கு மேல் நிகழ்ந்த இறப்புகள் அவை. 6,54,965 என்பது 2006 கட்டுரையின் மதிப்பீடு. 2006 ஜூலை வரையிலான கூடுதல் இறப்புகள், அவற்றில் 6,01,027 வன்முறையால் நேர்ந்தவை. 1,51,000 என்பது குடும்ப நல ஆய்வின் மதிப்பீடு. 2006 ஜூன் வரையிலான வன்முறை இறப்புகள் மட்டும். ஆக 6,54,965ஐயும் 1,51,000ஐயும் அருகருகே வைப்பதே முதல் பிழை. வைக்க வேண்டியவை 6,01,027உம் 1,51,000உம். காலமும் ஏறக்குறைய ஒன்று, இறப்பின் வகையும் ஒன்று. அப்படி வைத்த பிறகும் நான்கு மடங்கு வித்தியாசம் மிஞ்சுகிறது என்பது உண்மை. அந்த வித்தியாசத்தை மறைக்காதீர்கள். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துச் சமாதானம் செய்து வைக்கும் வேலை மட்டும் வேண்டாம். குறையுள்ள ஒரு கணக்கையும் நல்ல ஒரு கணக்கையும் சராசரி எடுத்தால் கிடைப்பது பாதிக் குறையுள்ள கணக்கு.

இதைவிட முக்கியமானது "பொதுமக்கள்" என்ற சொல். இந்த வீட்டுக் கணக்கெடுப்புகள் இறந்தவர் பொதுமகனா, ஆயுதம் ஏந்தியவரா என்று பிரித்துச் சொல்லவில்லை. கேட்பவர் உயிருக்கும் ஆபத்து, பதில் சொல்பவர் உயிருக்கும் ஆபத்து என்ற சூழலில் அந்தக் கேள்வியைக் கேட்க முடியாது, கேட்டாலும் உண்மை வராது. எனவே இவை தரும் விகிதம் மொத்த மக்களின் இறப்பு விகிதம்தான். பொதுமக்களைத் தனியாக எண்ண முயன்றது ஈராக் பாடி கவுன்ட் என்ற திட்டம். அது செய்திகளிலும் ஆவணங்களிலும் பதிவான இறப்புகளை ஒவ்வொன்றாக எண்ணியது. பதிவாகாத இறப்பு அதில் வராது. ஆகவே அதை ஒரு கீழ்வரம்பாகக் கொள்ளலாம், முழு எண்ணாகக் கொள்ள முடியாது. கூடுதல் இறப்பு மதிப்பீட்டை எடுத்து "இத்தனை அப்பாவிப் பொதுமக்கள் கொல்லப்பட்டனர்" என்று எழுதினால் ஒரே வாக்கியத்தில் இரண்டு தவறு. எல்லாரும் பொதுமக்கள் அல்லர், எல்லாரும் கொல்லப்படவும் இல்லை. மருத்துவமனைக்குப் போக வழியில்லாமல் பிரசவத்தில் இறந்த தாயும் கூடுதல் இறப்பில் அடங்குவார். அவரை விட்டுவிடாமல் எண்ணுவதுதான் இந்த முறையின் பெருமை.

4. இறப்புகளை ஒப்பிடாதீர்கள், விகிதத்தை ஒப்பிடுங்கள்

இதைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். 2004 ஆய்வுக் குழு 33 இடங்களில், இடத்துக்கு 30 வீடு என்ற திட்டத்தில், மொத்தம் 988 வீடுகளைச் சந்தித்தது. படையெடுப்புக்கு முந்தைய காலத்தில் 46 இறப்புகள், பிந்தைய காலத்தில் 142. அவசரக்காரர் மூன்று மடங்கு என்று எழுதிவிடுவார்.

முந்தைய காலம் 14.6 மாதங்கள், பிந்தைய காலம் 17.8 மாதங்கள். 46ஐ 14.6ஆல் வகுத்தால் மாதத்துக்குச் சுமார் 3.2. 142ஐ 17.8ஆல் வகுத்தால் சுமார் 8. இப்போது இரண்டரை மடங்கு. கட்டுரையும் 2.5 என்றுதான் சொல்கிறது.

அடுத்து ஆள்-ஆண்டு. ஒருவர் ஓராண்டு கணக்கில் இருந்தால் ஓர் ஆள்-ஆண்டு, ஆறு மாதம் இருந்தால் அரை. அந்த வீடுகளில் இருந்தவர்கள் ஏழாயிரத்துச் சொச்சம் பேர். 14.6 மாதங்களுக்கு அது ஏறத்தாழ 9,200 ஆள்-ஆண்டுகள். 46 இறப்புகளை அதால் வகுத்து ஆயிரத்தால் பெருக்கினால் ஆயிரம் பேருக்கு ஆண்டுக்கு 5.0. இதே முறையில் பிந்தைய விகிதம் 12.3. ஃபலூஜாவை நீக்கினால் 7.9.

கடைசி அடி: 7.9இலிருந்து 5.0ஐக் கழித்தால் 2.9. ஈராக்கின் மக்கள்தொகை அப்போது சுமார் 2.4 கோடி. ஆயிரத்துக்கு 2.9 வீதம், ஏறக்குறைய ஒன்றரை ஆண்டுக்குப் பெருக்குங்கள். ஒரு லட்சத்தை ஒட்டி வரும். 98,000 எங்கிருந்து வந்தது என்பது இப்போது உங்கள் கையில். இந்த ஒரு கணக்கை நீங்களே போட்டுவிட்டால் பிறகு யாரும் உங்களை எண்ணைக் காட்டி மிரட்ட முடியாது.

அலகிலும் கவனம் தேவை. நிவாரண அமைப்புகள் பத்தாயிரம் பேருக்கு ஒரு நாளைக்கு எத்தனை இறப்பு என்று எழுதும். நாளொன்றுக்குப் பத்தாயிரத்துக்கு 1 என்பது அவர்களுடைய அவசரநிலை எல்லைக்கோடு. ஆண்டுக்கு ஆயிரம் பேர் என்ற அலகுக்கு மாற்றினால் அது 36.5. 2006 கட்டுரை ஈராக்குக்குச் சொல்லும் பிந்தைய விகிதமான 13.3 இந்தக் கோட்டைத் தொடவில்லை. அதனால் அவசரநிலை இல்லை என்று வாதிடுகிறவர்கள் உண்டு. ஆனால் வழக்கமான விகிதம் இரட்டிப்பானாலே அவசரநிலை என்பதும் அதே அமைப்புகளின் அளவுகோல்தான்.

5. "முன்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது

என் நேரத்தில் பாதியை விழுங்கியது இந்தப் படி. நான்கு ஆய்வுகளும் சொல்லும் முந்தைய விகிதங்களை வரிசையாக எழுதுங்கள்: 5.0, 5.5, 3.17, 2.89. ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே காலம். பிந்தைய விகிதங்கள்: 12.3, 13.3, 6.01, 4.55. மடங்கில் பார்த்தால் 2.5, 2.4, 1.9, 1.6. கடைசி ஆய்வு 2011 வரையிலான காலத்தை உள்ளடக்கியது, சண்டை தணிந்த ஆண்டுகளும் அதில் கலந்திருக்கின்றன.

முந்தைய விகிதம் ஏன் இப்படி இறங்குகிறது? மறதி பெரிய காரணம். 2013இல் வெளிவந்த ஆய்வு வீடுகளுக்குப் போனது 2011இல். பத்தாண்டுக்கு முன் பிறந்த சில நாளில் இறந்த குழந்தையையும், தள்ளாத வயதில் போன பாட்டியையும் எத்தனை வீடுகள் சொல்லும்? பழைய இறப்புகள் மறக்கப்பட்டால் முந்தைய விகிதம் தாழ்ந்து, ஏற்றம் பெரிதாகத் தெரியும். எதிர்த்திசையில் இழுக்கும் காரணமும் உண்டு. குடும்பமே அழிந்த வீட்டில் பதில் சொல்ல ஆள் இல்லை. நாட்டை விட்டே போன குடும்பத்தின் கதவு பூட்டியிருக்கும். அந்த இறப்புகள் பிந்தைய கணக்கிலிருந்து விழுந்துவிடும். 2013 கட்டுரை இதைக் கவனித்தது. சுமார் 4,05,000 கூடுதல் இறப்புகள் என்று சொல்லிவிட்டு, வெளியேறிய குடும்பங்களுக்காக மேலும் சுமார் 55,000ஐச் சேர்த்தது.

பொறிகள் மூன்று. ஒரு கட்டுரையின் "முன்"னையும் இன்னொரு கட்டுரையின் "பின்"னையும் கலக்காதீர்கள். 13.3ஐ 2.89ஆல் வகுத்தால் நாலரை மடங்குக்கு மேல் வரும், அதற்கு எந்த அர்த்தமும் இல்லை. இரண்டாவது, தமிழ்நாட்டின் விகிதம் ஆயிரத்துக்குச் சுமார் 6, போருக்கு முந்தைய ஈராக்கில் 5தான், அப்படியென்றால் அங்கே வாழ்க்கை நன்றாக இருந்ததா என்று கேட்பார்கள். இல்லை. அது இளைஞர்கள் நிறைந்த நாடு, நம் மாநிலத்தில் முதியோர் அதிகம். ஒரு நாட்டை அதன் நேற்றோடு ஒப்பிடுங்கள், பக்கத்து நாட்டோடு வேண்டாம்.

மூன்றாவது, "முன்" என்பதை அமைதிக் காலம் என்று எழுதிவிடாதீர்கள். 1990 ஆகஸ்டிலிருந்து ஐ.நா. பொருளாதாரத் தடையின் கீழ் இருந்த நாடு அது. அந்தக் காலத்துக் குழந்தை இறப்பு பற்றி யுனிசெஃப் துணையுடன் 1999இல் வெளியான ஆய்வு உலகமெங்கும் மேற்கோள் காட்டப்பட்டது. அதன் தரவுகளை அன்றைய ஈராக் அரசு திரித்து, இறப்பைக் கூட்டிக் காட்டியிருந்தது என்று பி.எம்.ஜே. குளோபல் ஹெல்த் 2017இல் வெளியிட்ட கட்டுரை, பின்னர் நடந்த ஆய்வுகளோடு ஒப்பிட்டுக் காட்டியது. அந்த உயர்ந்த எண்ணை "முன்" என்று வைத்தால், படையெடுப்பு குழந்தைகளைக் காப்பாற்றியது என்றே கணக்கு வந்துவிடும். அப்படி வாதிட்டவர்களும் இருந்தார்கள்.

6. வரம்பை வெட்டி எறியாதீர்கள்

98,000க்குப் பக்கத்தில் 8,000 முதல் 1,94,000 வரை என்று ஒரு வரம்பு இருக்கும். உண்மையான எண் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கக்கூடும் என்பது அதன் பொருள். 6,54,965க்கு 3,92,979 முதல் 9,42,636 வரை. 1,51,000க்கு 1,04,000 முதல் 2,23,000 வரை. கூட்டத்தில் பேசுகிறவர்கள் முதலில் கழற்றி வீசுவது இந்த வரம்பைத்தான்.

வரம்பு அகலமாக இருப்பதற்குக் காரணம், வீடுகள் கொத்துக் கொத்தாகத் தேர்ந்தெடுக்கப்பட்டதுதான். பக்கத்துப் பக்கத்து வீடுகளின் கதி பெரும்பாலும் ஒன்றாகவே இருக்கும். வியாசர்பாடியில் தாழ்வான ஒரு தெருவில் 30 வீடுகளைப் பார்த்துவிட்டு வட சென்னை முழுவதும் இடுப்பளவு தண்ணீர் என்று சொன்னால் எப்படியோ, அப்படித்தான் குண்டு விழுந்த ஒரு தெருவும். 2004 ஆய்வில் பதிவான வன்முறை இறப்புகளில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் ஃபலூஜாவின் ஒரே கொத்திலிருந்து வந்தது. அதைச் சேர்த்தால் விகிதம் 12.3, அதன் வரம்பு 1.4 முதல் 23.2 வரை. அதனால்தான் ஆய்வாளர்கள் அதைத் தனியே வைத்துவிட்டு, குறைந்த எண்ணை முன்வைத்தார்கள். இது நேர்மையான முடிவு என்பது என் கருத்து.

"8,000ஆகவும் இருக்கலாமே" என்று சிரிப்பவர்களுக்கு ஒரே பதில்தான்: 1,94,000ஆகவும் இருக்கலாம். வரம்பின் நடுப்பகுதிக்கே வாய்ப்பு அதிகம், ஓரங்களுக்குக் குறைவு. ஆனால் எல்லா வீடுகளையும் கேட்காமல் சில வீடுகளை மட்டும் மாதிரியாக எடுத்ததால் வரும் பிழையை மட்டுமே வரம்பு சொல்லும். வீடுகளைத் தேர்ந்தெடுத்ததில் சாய்வு இருந்தால் அதை எந்த வரம்பும் காட்டாது. 2006 ஆய்வின் மீது எழுந்த முக்கியக் குற்றச்சாட்டு அதுதான். பெரிய சாலைகளை ஒட்டிய தெருக்கள் அதிகமாகத் தேர்வாயின, வன்முறையும் அங்கேதான் அதிகம் என்றார்கள் விமர்சகர்கள். குடும்ப நல ஆய்வோ 9,345 வீடுகளைச் சந்தித்தது. ஆனால் பாதுகாப்பு இல்லாத சில பகுதிகளுக்கு அதனால் போக முடியவில்லை, அந்த இடங்களை வேறு தரவுகளைக் கொண்டு நிரப்பினார்கள். இரண்டு குறைகளையும் எழுதுங்கள். உங்களுக்குப் பிடிக்காத எண்ணின் குறையை மட்டும் எழுதினால் அது பிரசாரம்.

7. மாநகராட்சியின் பதில் வந்ததும்

2017, 2018, 2019 ஆகிய மூன்று ஆண்டுகளின் மாத சராசரியை "முன்" என்று வையுங்கள். ஒரே ஆண்டை வைத்தால் அந்த ஆண்டு ஏதோ காய்ச்சல் பரவியிருந்தாலும் உங்கள் அடிப்படை கெட்டுவிடும். மே மாதத்தை மே மாதத்தோடு ஒப்பிடுங்கள். வெயில் காலத்தையும் மழைக் காலத்தையும் கலக்காதீர்கள். நான்கு இடங்களில் இடறும்.

முதல் இடம் ஸ்டான்லி மருத்துவமனை. நம் சட்டத்தில் இறப்பு பதிவாவது இறந்த இடத்தில், வாழ்ந்த இடத்தில் அல்ல. பொன்னேரியிலிருந்தும் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் வந்து ஸ்டான்லியில் இறந்தவர் இராயபுரம் மண்டலக் கணக்கில் ஏறுவார். மேலே இறப்பு கூடும், கீழே மக்கள்தொகை கூடாது. வசிப்பிடம் கேட்டு அந்த இரண்டாவது வாக்கியத்தை எழுதச் சொன்னது இதற்காகத்தான். போர் நாட்டிலும் இதே சிக்கல் உண்டு. தலைநகரத்துப் பிணவறைக்கு எங்கிருந்தெல்லாமோ உடல்கள் வரும்.

இரண்டாவது, மக்கள்தொகை. 2011 கணக்கெடுப்பில் சென்னை மாவட்டம் 46,46,732 பேர். அதே ஆண்டு அக்டோபரில் திருவொற்றியூர், மணலி, மாதவரம் எல்லாம் சேர்ந்து மாநகராட்சி 200 வார்டுகளாக விரிந்தது. 200 வார்டுகளின் இறப்பைப் பழைய 46 லட்சத்தால் வகுத்தால் விகிதம் பொய்யாக எகிறிவிடும். எல்லை எதுவோ அந்த எல்லைக்கான மக்கள்தொகையைத் தேடுங்கள். ஈராக்கிலும் அப்படித்தான். படையெடுப்புக்கு முந்தைய கடைசிக் கணக்கெடுப்பு 1997இல் நடந்தது, வடக்கே குர்து மாகாணங்கள் அதில் இல்லை.

மூன்றாவது, பதிவுத் தாமதம். இறப்பை 21 நாளுக்குள் பதிய வேண்டும். ஊரடங்கில் பலரால் முடியவில்லை. பதிந்த தேதியை எடுத்தால் ஒரு மாதத்து இறப்பு இன்னொரு மாதத்தில் வந்து நிற்கும்.

நான்காவது, காரணம். கொரோனாவால் இறந்தோர் என்ற பட்டியலை நம்பிப் போகாதீர்கள். 2020 ஜூலை 22 அன்று தமிழக அரசே, விடுபட்டிருந்த 444 இறப்புகளைச் சென்னைக் கணக்கில் சேர்த்து அறிவித்தது. எந்தக் காரணத்தால் என்று பார்க்காமல் எல்லா இறப்புகளையும் முன்னும் பின்னும் ஒப்பிட்டால், காரணம் எழுதியவர் விட்ட பிழை உங்களைத் தொடாது. போர் ஆய்வுகள் மொத்த இறப்பிலிருந்து தொடங்குவதும் இதனால்தான்.

8. வீடு வீடாகக் கேட்டுப் பழகுவதென்றால்

கல்லூரி ஆசிரியர் ஒருவரின் பொறுப்பில் மட்டும் செய்யுங்கள். முப்பது வீடு போதும். "எந்தத் தேதியில்?" என்று கேட்டால் பலரால் சொல்ல முடியாது. காசிமேட்டில் 2004 டிசம்பர் சுனாமிக்கு முன்பா பின்பா என்று கேளுங்கள், 2015 வெள்ளமா, 2016 வர்தா புயலா, எந்த ஆடி, எந்தப் பொங்கல் என்று கேளுங்கள், தேதி தானாக நெருங்கி வரும். கள ஆய்வாளர்கள் கையில் வைத்திருக்கும் நிகழ்ச்சி நாட்காட்டி இதுதான். "உங்கள் வீடு" என்றால் யார் என்பதையும் முதலில் வரையறுங்கள். ஒரே உலையில் சமைத்துச் சாப்பிட்டவர்கள் மட்டும் என்று சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒரே பெரியவரை மூன்று மகன்களின் வீடும் தனித்தனியாகச் சொல்லி, ஓர் இறப்பு மூன்றாகிவிடும்.

இறப்புச் சான்றிதழைக் காட்டச் சொல்லலாம், வற்புறுத்தக் கூடாது. 2006 ஆய்வில், கேட்ட இடங்களில் 92 விழுக்காட்டினர் சான்றிதழைக் காட்டினார்கள். பெயர்களைக் குறிக்காதீர்கள். அந்த ஆய்வின் தலைவர் கில்பர்ட் பர்ன்ஹாம் மீது 2009இல் அவருடைய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் நடவடிக்கை எடுத்தது, அனுமதித்த நெறிமுறைக்கு மாறாகக் கள ஆய்வில் பெயர்கள் சேகரிக்கப்பட்டதற்காக. அதே ஆண்டு, ஆய்வு முறையின் விவரங்களைத் தர மறுத்ததாக அமெரிக்கக் கருத்துக்கணிப்பாளர் சங்கம் அவரைக் கண்டித்தது. இதனால் அவருடைய எண் பொய் என்று ஆகிவிடாது. ஆனால் அந்த எண்ணைச் சொல்லும்போது இதையும் சொல்லியாக வேண்டும்.

அழுகிறவரிடம் அடுத்த கேள்வியைக் கேட்காதீர்கள். தாளை மூடிவிட்டு உட்கார்ந்திருங்கள். அந்த வீட்டின் பதில் இல்லாமலே உங்கள் பயிற்சி நடக்கும்.

9. ஈழத்துக்கு இதைச் செய்ய முடியாதா என்று கேட்பார்கள்

நம் பகுதியில் இதைப் பேசினால் அந்தக் கேள்வி வராமல் இருக்காது. அது படையெடுப்பு வகையில் வராது என்றாலும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். 2009இன் கடைசி மாதங்களுக்கு மேலே சொன்னது போன்ற சுதந்திரமான வீட்டுக் கணக்கெடுப்பு கிடையாது. இருப்பது வேறொரு முறை, மக்கள்தொகையின் இருப்புக் கணக்கு. மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் 2011இல் இலங்கை அரசு அமைத்த விசாரணை ஆணையத்திடம் அளித்த கணக்கைப் பாருங்கள். அரசு அலுவலகப் பதிவுகளின்படி 2008 அக்டோபரில் வன்னியில் இருந்தோர் 4,29,059. போர் முடிவில் அரசுக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தோர் 2,82,380. இடையில் 1,46,679 பேர் என்னவானார்கள் என்று அவர் கேட்டார். அவர் கேட்டது கேள்வி. அந்த எண்ணை இறந்தோர் எண்ணிக்கை என்று எழுதாதீர்கள். கணக்கில் வராதோர் என்று எழுதுங்கள். ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னதும் இதே கவனத்தோடு எழுத வேண்டியது: 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்பதை மறுக்க முடியாது. அந்த மக்களுக்கு நியாயம் கேட்கிறவர்கள்தான் எண்ணில் மற்றவர்களைவிடக் கறாராக இருக்க வேண்டும், ஏனென்றால் ஒரு சொல் பிசகினாலும் அதையே பிடித்துக்கொண்டு முழுக் குற்றச்சாட்டையும் தள்ளிவிடக் காத்திருப்பவர்கள் இருக்கிறார்கள்.

10. எழுதும்போது

நேரக் கணக்கு இப்படி வரும். மனு பதிலுக்கு ஒரு மாதம், மேல்முறையீடு என்றால் மூன்று மாதம்கூட ஆகலாம். கட்டுரைகளைப் படிக்க மாலை நேரங்களில் இரண்டு மூன்று வாரம். நான்காம் படியின் கணக்குக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பணம் என்று பார்த்தால் மனு, நகல், அச்சு எல்லாம் சேர்ந்து சில நூறு ரூபாய்க்குள் முடியும்.

எண் வரும் வாக்கியத்தில் ஐந்து விஷயம் இருக்க வேண்டும்: யார் எண்ணியது, எந்தக் காலம், எந்த வகை இறப்பு, வரம்பு, எதோடு ஒப்பிட்டது. மாதிரிக்கு: "2004இல் லான்செட் வெளியிட்ட வீட்டுக் கணக்கெடுப்பின்படி, ஃபலூஜா நீங்கலாக, ஈராக்கில் இறப்பு விகிதம் படையெடுப்புக்கு முன் ஆயிரத்துக்கு 5.0ஆக இருந்து பின்னர் 7.9 ஆனது. பொதுமக்கள், போராளிகள் என்று பிரிக்காமல் எல்லாக் காரணங்களையும் சேர்த்துப் பார்த்தால் இது சுமார் 98,000 கூடுதல் இறப்புகள், வரம்பு 8,000 முதல் 1,94,000 வரை." வாக்கியம் நீளம்தான். நீங்கள் அனுப்பும் இதழில் இடமில்லை என்று வரம்பை வெட்டச் சொல்வார்கள். தலைப்பில் வேண்டுமானால் விட்டுக்கொடுங்கள். முதல் பத்தியில் விட்டுக்கொடுக்காதீர்கள், அதற்குப் பதில் வேறு இரண்டு வரியை நீங்களே வெட்டித் தாருங்கள்.